மான் ஓடி முடிகிற வரை

கீழக்கொட்டாய்
பெரம்பலூர் மாவட்டம்
10.6.2024

சித்தெறும்பே,

உன் அம்மா பொன்னாயி எழுதுகிறேன். நான் இருக்கிறேன். ஆடுகள் நன்றாக இருக்கின்றன. மலையில் குளிர் தாங்குகிறதா, வேளைக்குச் சோறு கிடைக்கிறதா, அட்டை ரொம்பக் கடிக்கிறதா என்று எழுது.

ரஞ்சித்குமார் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை போகவில்லை. சிறு பிள்ளையில் நீ சோற்றை விட்டுவிட்டு வாசலில் குப்புறப் படுத்து எறும்பு போகிறதையே பார்த்துக்கொண்டு கிடப்பாய். உங்கப்பாதான் அந்தப் பேரை வைத்தார். இப்போது அந்தப் பேரைச் சொல்ல இந்த வீட்டில் என்னை விட்டால் ஆள் இல்லை.

எனக்கு ஐந்தாவது வரைதான் படிப்பு. பிழை இருந்தால் சிரித்துக்கொள். போனில் பேசலாம் என்றால் உன் கேம்பில் டவர் இல்லை. ஜீப்பில் கடைவீதிக்கு இறங்குகிற அன்று கூப்பிடுகிறாய். கூப்பிட்டு 'ம்' என்கிறாய். நான் எதைச் சொன்னாலும் 'ம்'. வெறும் 'ம்' எழுதி யாரும் தபாலில் போட மாட்டார்கள் அல்லவா, அதனால்தான் எழுதுகிறேன்.

கருமாதி முடிந்த மறுநாள் விடியலிலேயே மொட்டைத் தலையோடு பஸ் ஏறிவிட்டாய். துக்கம் கேட்க இன்னும் ஆட்கள் வருகிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றையேதான் கேட்கிறார்கள். "மானைத் தூக்கியாச்சுங்கறாங்க. மனுசனத் தூக்க முடியலயா?" நான் அன்றைக்கு நூறு நாள் வேலைக்கு ஏரிக்குப் போயிருந்தேன். ஓடி வந்தபோது அவரைக் கட்டிலில் போட்டிருந்தார்கள். வேட்டியில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

உன் சித்தப்பா பஞ்சநாதன் கிணற்றில் மான் விழுந்தது, அதை எடுக்க உங்கப்பா இறங்கினார். பஞ்சநாதன்தான் கயிறு பிடித்தான். அவன் நம் வாசல் பக்கமே வருவதில்லை. எதிரில் பார்த்தால் ஆட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விடுகிறான். நீயும் உன் கேமராவோடு அங்கேதான் இருந்தாய். யார் சொல்லையும் விட நீ சொன்னால் நம்புவேன். மான் மேலே வந்துவிட்டது. அவர் ஏன் வரவில்லை?

தலையில் முடி வளர்ந்துவிட்டதா? நனைந்த தலையோடு படுக்காதே.

உன் வழியைப் பார்த்திருக்கும்
அம்மா


மலைக் கேம்ப்
8.7.2024

அம்மா,

நான் நன்றாக இருக்கிறேன். நீ மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாயா? தனியாகக் காட்டோரம் ஆடு ஓட்டிப் போகாதே.

இங்கே விடாத மழை. அட்டைக்கு உப்பும் புகையிலையும் வைத்திருக்கிறோம். இந்த முறை தவளைகளைப் படம் எடுக்கிறோம். கட்டைவிரல் நகத்தளவு இருக்கிறது, அது கத்துகிற கத்தலுக்கு மலையே அதிர்கிறது. ஆனால் மழை இரைச்சலில் அதன் குரலைத் தனியாகப் பிடிக்க முடியவில்லை. டைரக்டர் பிரேம் சார் கவலைப்படாதே என்கிறார். படத்தில் கேட்கிற சத்தத்தில் பாதி பிறகு ஸ்டுடியோவில் சேர்ப்பதுதான். மான் ஓடுகிற சத்தத்தைக் கொட்டாங்கச்சியைத் தட்டி எடுப்பார்கள், உனக்குத் தெரியுமா? அதற்காக நாங்கள் பிடித்து வந்த சத்தத்தை அழித்துவிட மாட்டார்கள். அது அப்படியே பத்திரமாக இருக்கும்.

அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். மான் நெஞ்சில் உதைத்திருக்கிறது. எல்லாம் ஒரு நொடியில் நடந்துவிட்டது அம்மா. யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இதற்கு மேல் எழுத இப்போது என்னால் ஆகவில்லை.

உனக்கு ஒரு கம்பளிப் போர்வை அனுப்பியிருக்கிறேன். இங்கே நெய்வது. போர்த்திக்கொள்.

ரஞ்சித்


கீழக்கொட்டாய்
6.8.2024

சித்தெறும்பே,

போர்வை வந்தது. பெரம்பலூர் வெயிலுக்குக் கம்பளி அனுப்பிய பிள்ளை நீ ஒருவன்தான். குட்டி போட்ட வெள்ளாடு அதன்மேல் ஏறிப் படுத்துக்கொள்கிறது. எழுப்ப மனசு வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

கொட்டாங்கச்சியை நினைத்துச் சிரித்தேன். உங்கப்பா போன பிறகு சிரித்தது அதற்குத்தான்.

மறுபடி தொட்டியில் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்துவிட்டேன். காட்டோரம் அவர் கட்டின அதே சிமெண்ட் தொட்டி. முதல் நாள் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு பெட்டை மான் குட்டியோடு வந்தது. பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம் போன கோடையில் உங்க சார் வந்து நின்றதுதான் கண்ணில் வருகிறது.

"ஐயா, கொஞ்ச நாளைக்குத் தொட்டியில தண்ணி வைக்காதீங்க. தொட்டியில குடிச்சா மான் ஆடு மாதிரி தெரியுது. இயற்கையா இருக்கணும்" என்று உங்கப்பாவிடம் சொன்னார்.

"சித்திர வெயில்ல தொட்டி காஞ்சா அதுங்க கெணத்தத் தேடிக்கிட்டுல்ல போவும்? பஞ்சநாதன் கெணத்துக்குக் கைப்புடிச் செவுரே கெடையாதுங்க."

"மான் காலங்காலமா தண்ணி தேடித்தான் பிழைக்குது ஐயா."

"காலங்காலமா கெணறு இருந்துச்சா சார்?"

நீதான் குறுக்கே வந்தாய். "அப்பா, எனக்காகப்பா. மொத தடவையா எம்பேரு வரப்போவுது." உங்கப்பா உன்னையே பார்த்தார். பிறகு பக்கெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னிடம், "வுடு. சித்தெறும்பு கேட்டுடுச்சு" என்றார். அவர் மனசு கேட்கவில்லை. கருவேல முள்ளை வெட்டிக்கொண்டு போய்க் கிணற்றைச் சுற்றிப் போட்டுவிட்டு வந்தார். மறுநாள் முள் அங்கே இல்லை. படத்தில் விழுகிறது என்று யாரோ எடுத்துப் போட்டுவிட்டார்களாம். யார் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நீ ஒரு நொடி என்று எழுதியிருக்கிறாய்.

நீ பிறப்பதற்கு முன்னால் அவர் கிணறு வெட்டுகிற செட்டில் இருந்தவர். அந்த வேலையில் ஒரு முறை உண்டு, உனக்கும் தெரியும். உள்ளே ஆள் இருக்கிற வரை மேலே நிற்பவன் வாய் ஓயக்கூடாது. எதையாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும், உள்ளே இருப்பவனும் பதில் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பதில் நின்றால் விஷக்காற்றோ மயக்கமோ என்று அந்தக் கணமே கயிறு இறங்கும். மேலே ஆள் குறைந்த ஒரு நாள் என்னைக் கூட்டிப்போனார். எனக்குக் கல்யாணமான புதுசு.

"என்னத்தங்க பேசுறது?"

"எதையாவது பேசு. பேச்சு வரலன்னா எங்கம்மாவத் திட்டு."

திட்டினேன். கிணறு அத்தனையையும் பெரிசாக்கித் திருப்பிச் சொன்னது. உள்ளே இருந்து அவர் சிரிக்கிற சத்தம். திட்டி முடித்துத் திரும்பினால் என் மாமியார் கூழ்ச் சட்டியோடு பின்னால் நிற்கிறார். "நிறுத்தாத தாயி, எம்மவன் உள்ளாற இருக்கான்ல" என்று சொல்லிவிட்டுச் சட்டியை இறக்கி வைத்தார்.

அப்படிக் குரலில் தொங்கிப் பழகின மனுசன் அவர். ஒரு நொடியில் போனார் என்றால் அதற்கு முந்தின நொடி என்ன பேசிக்கொண்டிருந்தார்? மேலே இருந்து யார் பேச்சுக் கொடுத்தது?

எழுது சாமி. நேரம் எடுத்துக்கொண்டு எழுது.

அம்மா


மலைக் கேம்ப்
20.10.2024

அம்மா,

மண் சரிந்து பாதை அடைத்துக்கிடந்தது. அதனால் தாமதம். உன் கால் வலி எப்படி இருக்கிறது?

மான் படம் முடிந்துவிட்டது. 'கோடை மக்கள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பொங்கலுக்கு வருகிறது. உன்னிடம் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அதில் அப்பா இருக்க மாட்டார். இந்த மாதிரிப் படங்களில் மனுசரைக் காட்டக் கூடாது என்பது வழக்கம். காடு காடாக மட்டும் தெரிய வேண்டும். நாங்கள் பார்ப்பவர்கள். எதிலும் தலையிடக் கூடாது. கடைசியில் நன்றி சொல்கிற இடத்தில் அப்பா பெயர் வரும். நான்தான் சண்டை போட்டுப் போட வைத்தேன்.

அப்பா கடைசியாக என்ன பேசினார் என்று நினைவில்லை அம்மா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரஞ்சித்


கீழக்கொட்டாய்
12.11.2024

சித்தெறும்பே,

நலம். மழை பெய்து காடு பச்சையாகிவிட்டது. இப்போது தொட்டியைத் தேடி எதுவும் வருவதில்லை, ஆனாலும் ஊற்றி வைக்கிறேன்.

இந்த வருசம் நமக்குத் தீபாவளி இல்லை. பஞ்சநாதன் மகள் சிந்து, நர்சுக்குப் படிக்கிறதே, அது முறுக்கு கொண்டு வந்து கொடுத்தது. "ஒங்கப்பன் குடுக்கச் சொன்னானா?" என்றேன். "இல்ல பெரியம்மா. அப்பாவுக்குத் தெரியாது. அப்பா இப்பல்லாம் யாருகிட்டயும் பேசறதில்ல" என்றது.

நினைவில்லை என்று நீ எழுதினதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஏழு வயசில் பார்த்த எறும்புப் புற்று எந்த வேலி ஓரம் இருந்தது என்று சொல்வாய் நீ.

சரி, அதை விடு. சுலபமாக ஒன்று கேட்கிறேன். நீ எங்கே நின்றாய்?

அம்மா


கீழக்கொட்டாய்
20.1.2025

சித்தெறும்பே,

உன்னிடமிருந்து கடுதாசி இல்லை. கடைவீதிக்கு வந்தும் கூப்பிடவில்லை. சளி கிளி ஒன்றும் இல்லையே? எனக்குக் கால் வலி தேவலை.

படம் பார்த்தேன். சிந்து அவர்கள் வீட்டு டிவியில் போட்டுவிட்டு என்னை வந்து அழைத்தது. நான் தரையில் உட்கார்ந்தேன். பஞ்சநாதன் வாசற்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை.

நம் காடு அவ்வளவு அழகு என்று எனக்குத் தெரியாது. நன்றாக எடுத்திருக்கிறாய். பொய் சொல்லவில்லை. மயிலையும் காய்ந்த ஏரியையும் பார்த்தபோது எனக்கே பெருமையாகத்தான் இருந்தது. பிறகு ஒரு ஆள் கனத்த குரலில், "இந்த வறண்ட மண்ணில் இவற்றுக்குத் தண்ணீர் வைக்க யாரும் இல்லை" என்றான்.

நான் சிந்துவைப் பார்த்தேன். அது தலையைக் குனிந்துகொண்டது.

தொட்டி ஒரு மூலையில்கூட வரவில்லை. கிணறு வந்தது. மான் எட்டிப் பார்த்தது, விழுந்தது. அது தண்ணீரில் நீந்துகிறதையும், காலை வைத்து வைத்து வழுக்குகிறதையும் எவ்வளவு நேரம் காட்டுகிறார்கள்! எல்லாம் மேலே நின்று எடுத்தது. அதை எடுத்து முடித்த பிறகுதானே உங்கப்பாவைக் கூப்பிட ஆள் வந்தது? முதலிலேயே வந்திருந்தால் மானுக்கு அவரை உதைக்கிற வெறி வந்திருக்காது. அதை விடு.

அப்புறம் அந்தக் கனத்த குரல், "யாருடைய உதவியும் இன்றி, உயிர் மேல் கொண்ட ஆசையையே கயிறாகப் பற்றிக்கொண்டு" என்றது. மான் மேலே வந்துவிட்டது. தானாக! அந்தரத்தில்! கயிறு என்று வாயால் சொல்கிறார்கள், கண்ணுக்குக் கயிற்றைக் காணோம்.

"கயிறு எங்கடி போச்சு?" என்றேன்.

"கம்ப்யூட்டர்ல அழிச்சிரலாம் பெரியம்மா."

"ஆளையுமா?"

"ஆளையுந்தான்."

கயிற்றை அழித்தவர்கள் ஒன்றை விட்டுவிட்டார்கள். மானின் வயிற்றில் மயிர் படிந்து ஒரு கோடு தெரிகிறது. உங்கப்பா முடிச்சுப் போட்டு இறுக்கின இடம். படம் முழுக்க அவர் இருக்கிறது அந்தக் கோட்டில்தான்.

பிறகு மான் எழுந்து நின்று உடம்பை உதறுகிறது. சுற்றிப் பார்க்கிறது. ஓடுகிறது. வயலின் வாசிக்கிறார்கள். மெதுவாக, மெதுவாக ஓடுகிறது. ஓட்டம் முடியவே மாட்டேன் என்கிறது. கிணற்றுப் பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை. எனக்குப் புரியவில்லை. ஒரே கயிறுதானே இருந்தது? மான் ஓடும்போது அந்தக் கயிறு எங்கே இருந்தது?

அந்த இடத்தில் பஞ்சநாதன் எழுந்து வெளியே போனான். வேப்ப மரத்தைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றான்.

உன் பேர் பெரிசாக வந்தது. உங்கப்பா பேர் ஓடிப் போய்விட்டது. சிந்து நிறுத்திக் காட்டியது. அவர் பேருக்கு மேலே ஜீப் வாடகைக்குக் கொடுத்தவர் பேர் இருந்தது.

நீ எங்கே நின்றாய் என்று கேட்டிருந்தேன்.

அம்மா


மலைக் கேம்ப்
16.2.2025

அம்மா,

நலமா? எனக்குக் காய்ச்சல் வந்து இப்போது சரியாகிவிட்டது.

படத்தைப் பொய் என்று நினைக்காதே. ஒரு கோடை முழுவதையும் ஒரு மணி நேரத்தில் சொல்ல வேண்டும். சிலதைச் சேர்ப்போம், சிலதை விடுவோம். மான் விழுந்தது உண்மை. பிழைத்தது உண்மை. அதைப் பார்த்துவிட்டு எங்கெங்கோ இருந்து பிள்ளைகள் மானுக்காகக் கடிதம் எழுதுகிறார்கள்.

இப்போது இருவாச்சிப் பறவையை எடுக்கிறோம். பெட்டை மரப்பொந்துக்குள் போய் வாசலைச் சேற்றால் அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு பிளவு மட்டும். முட்டை பொரிந்து குஞ்சு வளருகிற வரை ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். எங்கள் மரத்து ஆண் ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் வருவதில்லை. மரத்தில் மைக் ஒட்டியிருக்கிறோம். உள்ளே அவள் நகருவதும் அலகால் தட்டுவதும் என் காதுக்குள் கேட்கிறது. நாங்கள் ஒன்றும் செய்யக் கூடாது. அது காட்டின் கணக்கு என்கிறார் பிரேம் சார்.

நான் எங்கே நின்றேன் என்று கேட்டிருந்தாய். கேமராவுக்குப் பின்னால் நின்றேன் அம்மா.

ரஞ்சித்


கீழக்கொட்டாய்
9.3.2025

சித்தெறும்பே,

காய்ச்சல் என்று எழுதியிருந்தாய். கஞ்சி வைத்துக் குடி. வெறும் காபியைக் குடித்துக்கொண்டு திரியாதே.

பஞ்சநாதன் வந்தான். விளக்கு வைக்கிற நேரம். கையில் அந்தக் கயிறு. வாசலில் போட்டுவிட்டு, "எரிச்சிருங்க அண்ணி. என்னால முடியல" என்றான்.

"உள்ள வா தம்பி. தண்ணி குடி."

குடிக்கவில்லை. நின்றபடியே சொன்னான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை.

"அண்ணன் உள்ளாற நின்னுக்கிட்டு, 'தூக்குடா, ஒம்பொண்டாட்டி மாரி கனக்குது'ன்னாரு. சிரிச்சிக்கிட்டேதான் அண்ணி இழுத்தோம். மானு மேல வந்துருச்சு. 'ஒதச்சிருச்சுடா, நெஞ்சு வலிக்குது, கயித்தப் போடு'ன்னாரு. நான் மானுக்கிட்ட முடிச்ச அவுத்துக்கிட்டு இருக்கேன், ரஞ்சித்து கைய ஒசத்திட்டான். 'சித்தப்பா, அசையாதீங்க. யாரும் சத்தம் போடாதீங்க. அது மெரளாம போவட்டும்'னு. கயித்த அங்கயே போட்டுட்டு வேலிப் பக்கமா பம்மிட்டேன். எல்லாரும் மண்ணு மாரி குந்தியிருந்தோம். நான் ஒரு கொரலு குடுத்துருக்கணும் அண்ணி. உள்ளாற ஆளு இருக்கையில வாய மூடுனேனே! சொல்றது அண்ணன் பெத்த புள்ளயாச்சே, அவனுக்குத் தெரியாதான்னு இருந்துட்டேன்."

"அவரு கூப்புட்டாரா?"

"நான் வேலிக்கிட்ட இருந்தேன். காத்து வேற. எனக்குக் கேக்கல. ரஞ்சித்துதான் கெணத்தோரம். காதுல அந்தச் சத்தம் கேக்குற மெஷின மாட்டிருந்தான்."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் கயிற்றை எரிக்கவில்லை. எடுத்து ஆட்டுக்கொட்டகையில் மாட்டினேன். நல்ல கயிறு.

இருவாச்சிக்கு யாராவது பழம் வைத்தீர்களா?

அம்மா


சென்னை
6.4.2025

அம்மா,

நான் கேம்பில் இல்லை. ஒரு நண்பன் அறையில் இருக்கிறேன்.

மார்ச் கடைசியில் ஆண் இருவாச்சி வருவது நின்றே போனது. அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். முதலில் பலமாக, பிறகு விட்டு விட்டு. பிரேம் சார் எடுத்துக்கொண்டே இரு என்றார். இதுதான் படத்தின் உயிர் என்றார். எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை அம்மா. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்த பிறகும் கேட்டது.

அத்திப்பழம் பறித்துக்கொண்டு மரத்தில் ஏறினேன். பிளவுக்குள் ஒவ்வொன்றாக வைத்தேன். அலகு வெளியே வந்து வாங்கிக்கொண்டது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. என் கை படத்தில் விழுந்துவிட்டது, எல்லாம் வீணாகிவிட்டது என்று சார் கத்தினார். அன்றைக்கே என்னை அனுப்பிவிட்டார். காட்டு இலாகா ஆள் ஒருவர் அந்த மரத்தைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

பழம் வைத்தாயா என்று கேட்டிருந்தாய். வைத்துவிட்டேன் அம்மா.

திதிக்கு வர முடியுமா என்று தெரியவில்லை. என்னை எதிர்பார்க்காதே. ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்க என்னால் ஆகாது.

ரஞ்சித்


கீழக்கொட்டாய்
27.4.2025

சித்தெறும்பே,

நான் நன்றாக இருக்கிறேன். உனக்கு வேறு வேலை கிடைத்ததா? அறையில் இருக்கிற பிள்ளை உனக்குச் சோறு போடுகிறானா? அவன் அம்மா நன்றாக இருக்கட்டும்.

திதி முடிந்தது. பெற்ற பிள்ளை இருக்கும்போது வேறு யார் எள்ளும் தண்ணீரும் விடுவது என்று ஊரில் பேச்சு. பேசட்டும். பஞ்சநாதன் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து உட்கார்ந்தான். யாரையும் கேட்கவில்லை. அவன் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டிவிட்டான். இடுப்பளவு. அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். போன வருசம் இருந்திருந்தால் என்று சொல்ல வாய் வந்தது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன்.

சித்திரை வெயில் ஆரம்பித்துவிட்டது. தொட்டிக்கு மான்கள் வருகின்றன. வயிற்றில் கோடு போட்ட மான் எது என்று தேடுகிறேன். அந்தக் கோடு எப்போதோ போயிருக்கும். தெரிந்தும் தேடுகிறேன். அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதற்கு என்ன தெரியும்?

நீ பறவைக்குப் பழம் வைத்ததைப் படித்தேன். நல்ல காரியம். அந்தப் பெட்டை பிழைத்திருக்கட்டும். ஆனால் நான் உன்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தது அது இல்லை. பழத்தைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். அதற்கு உடனே பதில் வந்துவிட்டது.

அது தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியில் வந்து நின்றேன். அதற்கப்புறம் எனக்குப் படிக்க ஓடவில்லை.

போன வாரம் சிந்துவைக் கூப்பிட்டு அந்தப் படத்தை மறுபடி போடச் சொன்னேன். வேண்டாம் பெரியம்மா என்றது. போடு என்றேன். மான் ஓடுகிற இடம் வந்ததும் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். வயலின் நின்றது. கூடவே எல்லாம் நின்றது. மான் மட்டும் ஊமையாக ஓடியது. வயலினை மட்டும் எடுத்துவிட்டு அடியில் இருப்பதைக் கேட்க முடியாதா என்றேன். "அது அவங்ககிட்டதான் இருக்கும் பெரியம்மா. நம்மகிட்ட இருக்காது" என்றது.

பிடித்து வந்த சத்தத்தை அழிக்க மாட்டார்கள், அப்படியே பத்திரமாக இருக்கும் என்று நீதான் எழுதினாய். உன் முதல் கடுதாசியிலேயே எழுதினாய். போர்வை அனுப்பினேன் என்றாயே, அதே கடுதாசியில்.

நான் உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. திட்டினால் தீர்ந்துவிடும் என்றால் நேரில் வந்து திட்டியிருப்பேன். நீ வந்தால் சோறு போடுவேன். தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவேன். பஞ்சநாதன் வந்து உட்கார்ந்த மாதிரி நீயும் வந்து உட்காரலாம். அவன் என்னிடம் சொல்லிவிட்டான், அவனுக்கு இப்போது தூக்கம் வருகிறதாம்.

நீ கையை உயர்த்தினாய். எல்லோரும் வாயை மூடினார்கள். கிணற்றோரம் நீ, காதில் அந்த மெஷின். உள்ளே உங்கப்பா. மேலே பேச்சு நின்றுபோனால் உள்ளே இருப்பவர் சும்மா இருக்க மாட்டார், அவரே குரல் கொடுப்பார். எனக்குத் தெரியும். நான் அவரோடு வாழ்ந்தவள்.

அந்த மான் ஓடி முடிகிற வரை அவர் யாரைக் கூப்பிட்டார்? பஞ்சநாதனையா, என்னையா? இல்லை, சித்தெறும்பே என்றா?